சிங்கப்பூரில் மூன்று வயது மகளுடன் எம்ஆர்டி (நகர ரயில்) பயணம்

கேள்வி: டாக்சியைத் தவிர்த்து, ரயிலிலும் பேருந்திலுமே சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க நினைக்கிறோம். மகளுக்குக் கட்டணம் உண்டா? குழந்தைத் தள்ளுவண்டியை ஏற்ற விடுவார்களா?

மறுமொழி 1: உயரம் 0.9 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் கட்டணம் இல்லை. மூன்று வயதில் பல குழந்தைகள் அதைத் தாண்டிவிடுவதால், வீட்டிலேயே அளந்து பார்த்து, தேவைப்பட்டால் ஏழு வயதுக்கு உட்பட்டோருக்கான சலுகை அட்டையைப் பற்றி இங்கு வந்ததும் விசாரியுங்கள்.

மறுமொழி 2: பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்ற 2017 முதல் அனுமதி உண்டு, எனினும் காலை நெரிசலில் அதை முயலாதீர்கள். ரயிலில் உண்பதும் பருகுவதும் குற்றம், அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. என் மகன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்ததுமே எதிரில் இருந்த பாட்டி கையசைத்துத் தடுத்துவிட்டார். அவனுடைய அழுகை லிட்டில் இந்தியா நிலையம் வரை ஓயவில்லை.

கேட்டவர்: மிக்க நன்றி. பிஸ்கட்டை நடைமேடைக்கு வருமுன்பே கொடுத்துவிடுகிறோம்.

மறுமொழி 2: நிலைய வாசலுக்கு வெளியே கொடுங்கள், நடைமேடையிலும் அதே விதிதான்.