எடைச் சீட்டு ஃபோட்டோ: ஆறு கடையிலும் டிஸ்க் ஃபுல்

பூக்கடைப்பையன்:
மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எங்களுக்குக் கமிஷன் கடை. மல்லி எடையில் தகராறு வரக்கூடாது என்று ஆறு கடை சேர்ந்து ஒரு தனி பிளாக்செயின் ஓட்டுகிறோம்; எல்லார் மெஷினிலும் ஒரே பதிவேடு, ஒருவர் மட்டும் திருத்த முடியாது. தினம் சுமார் 2,000 சீட்டு, ஃபோட்டோ ஒன்று 300 கேபி. ஒரு நாளைக்கு 600 எம்பி ஆகிறது, ஆறு மெஷினிலும் அதே 600. முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒரே வருஷத்தில் நிரம்பிவிட்டது. மறுபடி டிஸ்க் வாங்கச் சொன்னால் அப்பா, "பேரேட்டு நோட்டு என்னடா பாவம் செஞ்சது?" என்கிறார். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைக்க வழி உண்டா?

திருநகர்_கோடர்:
ஃபோட்டோவைச் செயினில் ஏற்றியதே தப்பு. படத்தின் கைரேகை மாதிரியான 32 பைட் ஹேஷ் மட்டும் செயினில் இருக்கட்டும், படம் அந்தந்தக் கடை மெஷினில் கிடக்கட்டும்.

பூக்கடைப்பையன்:
தகராறே அந்தக் கடைக்காரரோடுதானே வரும், அண்ணே? அவரே "டிஸ்க் போயிருச்சு" என்றால்?

பழங்காநத்தத்தான்:
தம்பி கேட்பது நியாயம். படம் மாறவில்லை என்பதை ஹேஷ் காட்டும். ஆனால் காணாமல் போன படத்தை அது கொண்டுவராது.

உனக்கு வேண்டியது ரீட்-சாலமன், தொலைந்த துண்டை மீதியிலிருந்து மீட்கும் கணக்கு முறை. 1960-லேயே வந்தது, சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடியதே, அது இதன் புண்ணியம். ஒரு நாள் படங்களை 4 துண்டாக்கு. அவற்றிலிருந்து கணக்குப் போட்டு 2 உபரித் துண்டு எடு. கடைக்கு ஒரு துண்டு. எந்த நாலு கிடைத்தாலும் முழுசும் திரும்பி வரும். கடைக்கு 150 எம்பி, மொத்தம் 3,600-க்குப் பதில் 900.

பிளாக் தலைப்பும் (ஒவ்வொரு பதிவுக் கட்டின் சுருக்கக் குறிப்பு) ஒவ்வொரு துண்டின் ஹேஷும் மட்டும் ஆறு மெஷினிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவர் கெட்ட துண்டு கொடுத்தார் என்றே தெரியாது.

2025 டிசம்பரில் எத்தீரியம் என்ற பொது பிளாக்செயினில் வந்த ஃபுசாகா மாற்றமும் இதே கணக்குதான். பிளாப் எனும் பெரிய டேட்டா கட்டுகளை, உபரியும் சேர்த்து, 128 நெடுவரிசையாக்கி நோடுகளுக்கு (அதை ஓட்டும் மெஷின்களுக்கு) பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்த 64 இருந்தாலும் போதும்.

அப்புறம், ஆறு கடைக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஒரே கரண்ட் லைன் என்றால் மூன்று மெஷின் சேர்ந்தே படுக்கும், நாலு துண்டு தேறாது.

பூக்கடைப்பையன்:
நாலு கடை ஒரே லைன்தான் அண்ணே. அதுவும் மதியம் கடை கட்டும்போது எல்லாரும் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அதனால் ரெண்டு மெஷினை வீட்டுக்கு மாற்றினோம், ஒன்று நிலக்கோட்டையில், ஒன்று உசிலம்பட்டியில்.

நேற்று ரெண்டு பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். போன மாதச் சீட்டு கொஞ்சம் தாமதமாக, ஆனால் முழுசாகத் திறந்தது. மூணாவதை அப்பாவே வந்து பிடுங்கினார். திறக்கவில்லை. "உபரி ரெண்டோட ஏன் நிறுத்துன?" என்றார். 3 துண்டு, 3 உபரி என்றால் கடைக்கு 200 எம்பி ஆகும். அப்படியே மாற்றிக்கொண்டிருக்கிறேன்.