பழைய இரும்பு சைக்கிள் ஃபிரேமில் 700சி வீல், 8 ஸ்பீடு: ஓட்டிப் பார்த்ததில் நாலு கோளாறு

மதுரைபெடல்:
28 இஞ்ச் ரோட்ஸ்டர் ஃபிரேம். ராடு பிரேக்கை எடுத்துவிட்டு 47–57 மி.மீ. ரீச் (பிரேக் போல்ட்டிலிருந்து கட்டை வரை எட்டும் தூரம்) உள்ள கேலிப்பர் (ரிம்மை இரு பக்கமும் கவ்வும் பிரேக்) போட்டிருக்கிறேன். டயர் 700×32 (32 மி.மீ. அகலம்), பின்னால் 11–32 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு), முன்னால் 40 பல் ஒற்றை செயின்ரிங் (பெடல் பக்கப் பல்சக்கரம்). பின் போர்க்கின் உள் அகலம் 120 மி.மீ. இருந்தது, 135 மி.மீ. ஹப்புக்காக (வீலின் நடுப்பகுதி) விரித்தாயிற்று. இப்போது கையை விட்டால் இடப்பக்கம் இழுக்கிறது. மேடு ஏறும்போது செயின் உள்பக்கம் விழுகிறது. எழுந்து நின்று மிதித்தால் டிக் டிக் சத்தம். பின் பிரேக் கட்டை ரிம்முக்கு மேலே டயரைத் தொடுகிறது. எதில் கை வைப்பது?

கோட்டம்:
முதலில் பிரேக். அதைச் சரி செய்யாமல் தெருவில் இறக்காதீர்கள். கட்டை டயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். பழைய ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., இப்போதைய 700சி ரிம்மில் 622. ரிம் 6.5 மி.மீ. கீழே போய்விட்டது. பிரேக் போல்ட் ஓட்டையின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை உட்கார வேண்டிய இடம் வரை அளங்கள். 57-ஐத் தாண்டினால் 55–73 ரீச் கேலிப்பர்தான் வழி.

அடுத்து, ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று நூலால் பாருங்கள். பின் வீலைக் கழற்றி, அச்சு உட்காரும் இடத்தில் நூலைக் கட்டி, ஹெட் டியூப்பை (ஹேண்டில்பார் இறங்கும் முன் குழாய்) சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். சீட் டியூப்புக்கும் (சீட்டைத் தாங்கும் குழாய்) நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் எவ்வளவு?

மதுரைபெடல்:
இடது 33, வலது 28 மி.மீ.

கோட்டம்:
அப்படியானால் இழுப்பும் செயின் விழுவதும் பெரும்பாலும் ஒரே கோளாறு. சீட் டியூப்பில் 5 மி.மீ. வித்தியாசம் என்றால் அச்சு இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 9. பக்கத்துக்கு 7.5 விரிய வேண்டியது, இடது 12, வலது 3 என்று விரிந்திருக்கிறது. வீல் மொத்தமும் இடப்பக்கம் நகர, கேசட்டும் கூடவே நகர்ந்துவிட்டது. மேட்டில் நீங்கள் போடும் பெரிய பல்சக்கரம் ஏற்கெனவே இடது ஓரம். செயின் இன்னும் சாய்ந்து ஓடுகிறது, விழாமல் என்ன செய்யும்?

நீளமான மரச்சட்டத்தை நெம்புகோலாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் (இடதை உள்ளே, வலதை வெளியே) கொஞ்சம் நெம்பி, விட்டு, நூலால் அளங்கள். இரும்பு திரும்பி வரும், அதனால் தேவைக்குச் சற்று அதிகமாகத் தள்ள வேண்டும். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வந்தால் போதும். தீ வைத்துச் சூடாக்கவே கூடாது. அலுமினியம் ஃபிரேமில் இந்த வேலையே வேண்டாம். கடைசியில் அச்சு மாட்டும் இரண்டு தகடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் அச்சு வளையும், நாளடைவில் முறியும்.

பிறகும் இழுத்தால் முன் வீலைத் திருப்பி மாட்டுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் ரிம் நடுவில் இல்லை. மாறாவிட்டால் முன் போர்க். இந்தச் சோதனையை மைதானத்தில் செய்யுங்கள். நம் ரோடு ஓரத்துக்குச் சரிந்திருக்கும், நல்ல வண்டியே இடப்பக்கம் போகும்.

ஸ்போக்ஸ்கீ:
டிக் சத்தத்துக்கு: எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை என்று எண்ணுங்கள். கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் பெடல் மரை அல்லது கிராங்க் போல்ட். பெடல் மரையில் கிரீஸ் வைத்து 35–40 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். இடது பெடலுக்கு எதிர் மரை. சுமார் 2¾ சுற்றுக்கு ஒன்று என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது (110 கண்ணி, 40 பல்). கணக்கே இல்லாமல் வீலிலிருந்து டிங் என்று வந்தால், முறுக்கிக்கொண்ட புதுக் கம்பிகள் விடுபடுகின்றன. இணையாக ஓடும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்திப் பிழிந்துவிட்டு மறுபடி வீலின் கோணலை நிமிர்த்துங்கள்.

செயின்லைனை (செயின் முன்னும் பின்னும் நேர்கோட்டில் ஓடுகிறதா என்பதை) பின் போர்க்கை நிமிர்த்திய பிறகே பாருங்கள். 67.5-லிருந்து (135-இல் பாதி), வலது அச்சுத் தகட்டின் உள்முகத்துக்கும் கேசட்டின் நடுவுக்கும் (4, 5-ஆம் பல்சக்கர இடைவெளி) உள்ள தூரத்தைக் கழித்தால் வரும் எண்தான், சீட் டியூப் நடுவிலிருந்து செயின்ரிங் இருக்க வேண்டிய தூரம். ஒற்றை ரிங் என்பதால் பல் அகலம் மாறி மாறி வரும் நேரோ-வைட் ரிங் போடுவது நல்லது.

ஒன்று யாரும் சொல்லவில்லை. பழைய 40 மி.மீ. டயரோடு வீலின் ஆரம் 357 மி.மீ., இப்போது 343. பெடல் 14 மி.மீ. தரைக்கு நெருங்கிவிட்டது. வளைவில் உள்பக்கப் பெடலை மேலே வைத்தே திரும்புங்கள், இடம் இருந்தால் 38 டயருக்கு மாறுங்கள்.