இரண்டு வேலையிலும் ஒரே வீடுதான் கெட்டி, அப்புறம் எதுக்குப் பரிமாற்றம்? கணக்கு இடிக்குது

பாளை_டியூசன்:

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்புச் செலவும் (ஒன்றைச் செய்வதற்காக விட்டுக்கொடுக்கும் மற்றொன்று) ஒப்பீட்டு நன்மையும் (அந்த விட்டுக்கொடுப்பு யாருக்குக் குறைவோ அவருக்கு அந்த வேலை) நடத்த, நம்ம நெல்லைப் பக்கத்து ஊர்ச் சரக்கை வைத்தே ஒரு கணக்கு தயார் செய்தேன். எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, நிஜ வேகம் அல்ல.

ஒரு கோரைப்பாய் நெய்ய: பத்தமடை வீட்டுக்கு 4 மணி நேரம், முக்கூடல் வீட்டுக்கு 12 மணி நேரம்.
1000 பீடி சுற்ற: பத்தமடை வீட்டுக்கு 8 மணி நேரம், முக்கூடல் வீட்டுக்கு 12 மணி நேரம்.
இரண்டு வீட்டுக்கும் வாரத்துக்கு 48 மணி நேரம் உழைப்பு. பரிமாற்றம் இல்லாதபோது அதில் பாதி பாய்க்கு, பாதி பீடிக்கு.

பத்தமடை 8-ஐ 4-ஆல் வகுத்தால் 2. முக்கூடல் 12-ஐ 12-ஆல் வகுத்தால் 1. அப்படியென்றால் பாயின் வாய்ப்புச் செலவு முக்கூடலில்தானே குறைவு? பாயில் மும்மடங்கு மெதுவான வீடு பாய் நெய்யணும் என்று விடை வருகிறது. சரியென்று அப்படியே போட்டுப் பார்த்தால் மொத்தப் பாய் பாதியாகக் குறைகிறது. திருப்பிப் போட்டு, பத்தமடை முழுக்கப் பாய், முக்கூடல் முழுக்கப் பீடி என்று வைத்தால் பாய் கூடுது, பீடி 1000 குறையுது. ரெண்டு பக்கமும் ஏதோ ஒண்ணு குறைஞ்சா லாபம் எங்கே இருக்கு? தப்பு எங்கே என்று யாராவது சொல்லுங்கள் அண்ணாச்சி.

கோடகன்கால்:

தம்பி, ரெண்டு தப்பு இருக்கு. தனித்தனியாப் பார்ப்போம்.

முதல் தப்பு, வகுத்தலைத் தலைகீழாப் போட்டது. தேர்வுத்தாளில் அதிகம் மதிப்பெண் போவது இங்கேதான். அட்டவணை ரெண்டு வகையில் வரும். ஒன்று, ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் என்பது (உங்களுடையது). இன்னொன்று, ஒரு நாளில் எத்தனை பொருள் என்பது. மணிக் கணக்கு அட்டவணையில், எந்தப் பொருளின் வாய்ப்புச் செலவு வேண்டுமோ அதன் மணி நேரம் மேலே வரும். உற்பத்தி அட்டவணையில் அதே பொருள் கீழே போகும். நீங்கள் கையில் மணிக் கணக்கை வைத்துக்கொண்டு உற்பத்திக் கணக்கு வாய்பாட்டைப் போட்டுவிட்டீர்கள். உங்களுக்குக் கிடைத்த '2' என்ற எண், பாயின் செலவு அல்ல, பத்தமடையில் 1000 பீடியின் செலவு: 2 பாய்.

பிள்ளைகளுக்கு மேல், கீழ் என்று மனப்பாடம் பண்ணிக் கொடுக்காதீர்கள், எப்படியும் மாறிப்போகும். ஒரு கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்: "ஒரு பாய் நெய்ய உட்கார்ந்தா எவ்வளவு நேரம் போகுது? அந்த நேரத்தில் எத்தனை பீடி சுத்தியிருக்கலாம்?" பத்தமடையில் 4 மணி நேரம் போகுது, அதில் 500 பீடி. முக்கூடலில் 12 மணி நேரம், அதில் 1000 பீடி. ஆக ஒரு பாய்க்குப் பத்தமடை விட்டுக்கொடுப்பது 500 பீடி, முக்கூடல் விட்டுக்கொடுப்பது 1000. பாய் பத்தமடையில் மலிவு. அதையே திருப்பினால் 1000 பீடிக்குப் பத்தமடை 2 பாயை இழக்குது, முக்கூடல் ஒரே ஒரு பாயை. பீடி முக்கூடலில் மலிவு.

சரிபார்க்க ஒரு வழி: பாயில் மலிவான வீடு பீடியில் மலிவாக இருக்கவே முடியாது. ரெண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று தலைகீழ். ஒரே வீடு ரெண்டிலும் மலிவு என்று விடை வந்தால், திரும்பிப் பார்க்காமல் அழித்துவிட்டு மறுபடி போடலாம். வேகத்தில் ரெண்டிலும் கெட்டியாக இருப்பது வேறு (அது முழு நன்மை), இது வேறு. ரெண்டு வீட்டுக்கும் விகிதம் ஒன்றாகவே வந்தால் மட்டும் பரிமாற்றத்தில் ஒரு லாபமும் கிடையாது.

ரெண்டாவது தப்பு, முழுசாகப் பிரித்துவிட்டது. "தனக்கு மலிவானதில் கவனம்" என்பதற்கு "மற்றதைத் தொடவே கூடாது" என்று அர்த்தம் இல்லை. தனித்தனியாக இருந்தபோது நேரத்தைப் பாதிப்பாதி பிரித்ததாக வைப்போம்.

பத்தமடை: 6 பாய், 3000 பீடி.
முக்கூடல்: 2 பாய், 2000 பீடி.
மொத்தம் 8 பாய், 5000 பீடி.

இப்போது முக்கூடல் 48 மணி நேரமும் பீடி சுற்றட்டும்: 4000. பத்தமடை 8 மணி நேரம் மட்டும் பீடிக்கு ஒதுக்கி 1000 சுற்றட்டும். மிச்சம் 40 மணி நேரத்தில் 10 பாய். மொத்தம் 10 பாய், 5000 பீடி. பீடி ஒன்றுகூடக் குறையவில்லை, பாய் ரெண்டு கூடியிருக்கு. யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்கவும் இல்லை.

பங்கு பிரிக்க: முக்கூடல் 2000 பீடி கொடுத்து 3 பாய் வாங்கட்டும். முக்கூடலிடம் 3 பாய், 2000 பீடி. பத்தமடையிடம் 7 பாய், 3000 பீடி. ஆளுக்கு ஒரு பாய் மிச்சம். பரிமாற்ற விகிதம் பாய்க்குச் சுமார் 667 பீடி, அதாவது 500-க்கும் 1000-க்கும் நடுவில். 500-க்குக் கீழே போனால் பத்தமடை விற்காது, 1000-க்கு மேலே போனால் முக்கூடல் தானே நெய்துகொள்ளும்.

ஒப்பீட்டு நன்மையை விளக்கப் பொருளியல் அறிஞர் ரிக்கார்டோ 1817-இல் காட்டிய எண்களும் இதே மணிக் கணக்கு வகைதான், அங்கே மணிக்குப் பதில் ஓராண்டு உழைக்கும் ஆட்கள். போர்ச்சுகலில் ஒயினுக்கு 80, துணிக்கு 90. இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. போர்ச்சுகல் ரெண்டிலும் கெட்டி. ஒயினுக்குத் துணி ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டால், இங்கிலாந்து 120 பேர் வேலையை 100 பேர் துணியால் முடிக்குது, போர்ச்சுகல் 90 பேர் வேலையை 80 பேர் ஒயினால் முடிக்குது. உங்கள் பிள்ளைகளிடம் போர்ச்சுகலில் ஒயினின் வாய்ப்புச் செலவைக் கேளுங்கள். 80-ஐ 90-ஆல் வகுப்பதுதான் சரி, 90-ஐ 80-ஆல் வகுப்பவர்கள் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

குறுக்குக்கணக்கு:

மேலே உள்ளது சரி. ஆனால் 667 என்ற விகிதம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டார். ரெண்டே வீடு உட்கார்ந்து பேசி முடித்தால் 500-க்கும் 1000-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், பேரம் பேசத் தெரிந்தவர் பக்கம் சாயும். ஆனால் இரண்டு ஊரிலும் நூற்றுக்கணக்கான வீடு, போட்டிச் சந்தை என்று வைத்தால் கதை வேறு. பத்தமடை வீடுகள் பாயும் நெய்து, மிச்ச நேரத்தில் பீடியும் சுற்றுகின்றன என்றாலே, அவர்களுக்கு ரெண்டு வேலையும் ஒரே அளவுதான் கட்டுப்படியாகிறது என்று அர்த்தம். ஆகவே சந்தை விலை பாய்க்கு 500 பீடியிலேயே நின்றுவிடும். அப்போது முக்கூடல் 2000 பீடிக்கு 4 பாய் வாங்கும். கூடுதலான ரெண்டு பாயும் முக்கூடலுக்கே. பத்தமடைக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பெரிய நாடும் சின்ன நாடும் வணிகம் செய்யும்போது லாபத்தில் பெரும்பங்கு சின்ன நாட்டுக்குப் போகலாம் என்பதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. பெரியவன் சின்னவனை விழுங்கிவிடுவான் என்று நினைத்துக்கொண்டு வரும் மாணவர்கள் இங்கே நம்பமாட்டார்கள், போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று. நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்: சுற்றிய பீடியைக் கொடுத்துப் பாய் வாங்க முடியாதே! இலையும் தூளும் ஏஜெண்டு கொடுத்தது, பீடி அவருக்கே திரும்பப் போகணும், சுற்றுகிறவருக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி மட்டும்தான். அதனால் "1000 பீடி" என்ற இடத்தில் "1000 பீடிக் கூலி" என்று எழுதிக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது. மணிக் கணக்கில் பார்த்தால் கூலி குறைவாக இருந்தும் இந்த வேலை ஏன் நடக்கிறது என்பதற்கும் பதில் வாய்ப்புச் செலவில் உண்டு. உலை கொதிக்கும் வரை, பிள்ளை தூங்கும் வரை என்று துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரம் அது. அந்தத் துண்டு நேரத்தை வைத்து வெளியே போய்ச் சம்பாதிக்க வழியில்லை. விட்டுக்கொடுப்பது கொஞ்சம் என்பதால் வாங்குவதும் கொஞ்சமாகவே நிற்கிறது. நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம்.

ஏத்தன்தோட்டம்:

பாயும் பீடியும் கிடக்கட்டும் வே, வயலை வச்சு ஒண்ணு சொல்லுதேன். வாய்ப்புச் செலவுல ஆளுங்க ரொம்பத் தப்பு பண்ணுதது கூட்ட வேண்டியதக் கூட்டாமலும், கூட்டக்கூடாததக் கூட்டியும்தான்.

ஆத்துப் பாசனத்துல ஒரு ஏக்கர்னு வைங்க. வழிகள் மூணு: கார், பிசானம்னு ரெண்டு போகம் நெல்லு. இல்லன்னா ஏத்தன் (நேந்திரன்) வாழை. இல்லன்னா குத்தகைக்கு விடுதது. எல்லாச் செலவும், நம்ம உடல் உழைப்புக்கான கூலியும் கழிச்சு மிஞ்சுதது இப்படின்னு வச்சுக்கிடுவோம் (கணக்குக்குத்தான், சந்தை நிலவரம் இல்ல): கார் 15,000, பிசானம் 20,000, வாழை 50,000, குத்தகை 25,000 ரூபாய்.

வாழைக்கு வாய்ப்புச் செலவு எவ்வளவு? ஒருத்தர் 20,000-ம்பாரு, பெரிய போகத்த மட்டும் பாத்து. தப்பு. ஏத்தன் பத்துப் பதினோரு மாசம் நிலத்த விடாது. ஜூன்ல தொடங்குத காரும் போச்சு, பிப்ரவரி மார்ச்சுல அறுக்க பிசானமும் போச்சு. ரெண்டையும் கூட்டணும்: 35,000. இன்னொருத்தர் குத்தகையையும் சேத்து 60,000-ம்பாரு, அப்ப வாழையே நட்டம்னு வந்துரும். அதுவும் தப்பு. காரும் பிசானமும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒரே வயல்ல செய்யலாம், அதனால கூட்டுதோம். நெல்லும் போட்டு அதே வயலக் குத்தகைக்கும் விட முடியுமா? முடியாது. ஒண்ணாச் செய்ய முடியாததுல பெரியது ஒண்ணத்தான் எடுக்கணும். ஆக 35,000, வாழையில நிஜ மிச்சம் 15,000. நட்டு பத்து மாசம் காத்தப் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கதுக்கு இந்த 15,000 போதுமான்னு அப்புறம் யோசிங்க.

அணையில தண்ணி இல்லாம கார் போக முடியலன்னா? நெல்லு 20,000-ஆ இறங்கிரும். இப்ப அடுத்த நல்ல வழி நெல்லு இல்ல, 25,000 குத்தகை (தொகை முன்னாலயே பேசி முடிச்சதுன்னா). வாழையோட வாய்ப்புச் செலவு 35,000-லருந்து 25,000-ஆ ஆயிட்டு. மலிஞ்சுட்டேன்னு சந்தோசப்படாதீங்க, தண்ணி இல்லாத வருசம் அதே வாழைக்கு மோட்டார்ச் செலவு ஏறி 50,000-மும் கொறையும். ரெண்டு பக்கத்தையும் திருத்தணும்.

நடுவுல முட்டுக்கம்பு கேள்வி வரும். கன்னு, உரம், களையெடுப்புன்னு ஏற்கெனவே போட்ட ரூபாய எண்ணி "இவ்வளவு போட்டாச்சே, விட முடியுமா"ம்பாங்க. போட்டது திரும்பாது, கம்பு வாங்கினாலும் வாங்காட்டியும் திரும்பாது. கம்புக்கு இனி ஆகுத செலவு எவ்வளவு, ஆடிக் காத்துல சாயாம நின்னா கூடுதலாக் கெடைக்கது எவ்வளவு, அது ரெண்டத்தான் ஒப்பிடணும். சொந்த வயல்தானே, வாடகை கிடையாதேங்கதும் இதே மாதிரி தப்புதான், எதிர்ப்பக்கத்துலருந்து. குத்தகைக்கு விட்டிருந்தா வந்திருக்கும்லா, அது செலவுதான்.

பாளை_டியூசன்:

ரொம்ப நன்றி. திருத்திப் போட்டேன், சரியாக வருகிறது. ஒரு சந்தேகம்: 667 விகிதத்தில் ஆளுக்கு ஒரு பாய் லாபம் என்றால், லாபம் சமம் என்று எழுதலாமா? அப்புறம் பஸ் செலவை எங்கே சேர்ப்பது?

கோடகன்கால்:

சமம் என்று எழுதாதீர்கள். அந்த ஒரு பாய் முக்கூடலுக்கு 12 மணி நேர உழைப்பு, பத்தமடைக்கு 4 மணி நேரம். பீடியில் சொன்னால், முக்கூடல் தானே நெய்தால் 3000 பீடியை இழந்திருக்கும், 2000 கொடுத்திருக்கு, மிச்சம் 1000. பத்தமடைக்கு 3 பாயின் அடக்கம் 1500 பீடி, கிடைத்தது 2000, மிச்சம் 500.

பஸ் செலவு இந்த ரெண்டையும் சேர்த்த 1500-லிருந்துதான் போகணும். போகவர, சுமைக்கூலி எல்லாம் சேர்ந்து 1500 பீடிக் கூலிக்கு மேல் ஆனால் அந்த 3 பாய்க்காக யாரும் நடுவில் இருக்கும் ஆத்தைத் தாண்டமாட்டார்கள். ஒரே நடையில் 30 பாய் ஏற்றினால் லாபம் 15,000 பீடிக் கூலி, பஸ் செலவு அதே அளவு கூடாது. களக்காட்டு ஏத்தன் கேரளாவுக்கு லாரி லாரியாகப் போவதும், ஒத்தைத் தாரை யாரும் அங்கே தூக்கிக்கொண்டு போகாததும் இதனால்தான்.