வீட்டுக் கோடியில் குளமும் அருவியும்: வன்னியில் கட்டியவர்களின் அனுபவங்கள்

கனகபுரம், கிளிநொச்சி

கோடிப்புறத்தில் குளம் வெட்ட இடம் பார்த்தபோது எல்லோரும் கை காட்டியது பழைய பங்கர் மூடிய இடத்தைத்தான். அங்கே மண் இளகிக் கிடக்கிறது, பாதி வேலை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. நான் மறுத்துவிட்டேன். மீளக் குடியேறிய காலத்தில் உடைந்த ஓடு, தகரம், மரக்குற்றி என்று அகப்பட்டதையெல்லாம் போட்டு நிரவிய குழி அது. உள்ளே மரம் உக்க உக்க, ஒவ்வொரு மாரிக்கும் நிலம் இறங்குகிறது. அதன்மேல் சீமெந்துத் தொட்டி வைத்தால் நடுவே பிளந்துவிடும். வேம்பின் வேருக்கும் எட்டாத தூரத்தில், கைபடாத நிலத்தில் வெட்டினோம். இன்னொன்று: துருப்பிடித்த இரும்பில் மண்வெட்டி தட்டினால் அதைக் கையால் எடுக்காதீர்கள், போர்க்காலத்தில் வெடிக்காமல் போனதாக இருக்கலாம். வேலையை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள். ஊருக்குள் எத்தனை வருடம் போனாலும் இது மாறாது.

நீளம் எட்டடி, அகலம் ஆறடி, ஆழம் இரண்டரை அடி. கன அடிக்கு 28 லீற்றர் என்று பார்த்தால் ஏறத்தாழ 3,400 லீற்றர் கொள்ளும். ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓரடித் தண்ணீர் ஆவணி வெயிலில் சுட்டுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

தறப்பாள் விரிக்கலாமே என்று கேட்பார்கள். இடம்பெயர்ந்த காலத்திலிருந்து அது இல்லாத வீடு இங்கே இல்லை. ஆனால் அது நெய்தது. மடிப்பில் கசியும், வெயிலில் பொரிந்து உதிரும். கோழிக் கம்பிவலையை இரண்டு மடிப்பாக விரித்துச் சீமெந்து பூசுவது நல்லது. மழைநீர்த் தொட்டி கட்டிப் பழகிய மேசன்மாருக்கு அது கைவந்த வேலை. பூச்சை ஒரே நாளில் முடித்து, ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமையாவது காயவிடாமல் வைத்திருங்கள். அதன்பிறகும் உடனே மீன் விட முடியாது. புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொன்றுவிடும். வாழைக்குற்றியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, அழுகியதும் இறைத்துக் கழுவி, மறுபடியும் நிரப்ப வேண்டும். அந்த நாற்றத்தை வீட்டுக்காரர்கள் சகித்துத்தான் ஆக வேண்டும்.

ஒட்டுசுட்டான்

அண்ணை சொன்ன தொட்டி வேலை சரி. அநேகமானோர் ஏமாறுவது அருவியில்தான். ஆள் உயரத்துக்குக் கல்லடுக்கி, மேலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கினால் தெரியும் சங்கதி. தூவானம் வேலிக்கு அப்பால் பறக்கும். கிணற்றில் அடி தெரிகிற காலத்தில் குளத்துக்கு வாளி வாளியாக ஊற்ற வேண்டி வரும். என்னுடைய அருவி முழங்கால் உயரம். இரவில் விறாந்தையில் படுத்திருந்தால் சத்தம் கேட்கிறது, அது போதும்.

தண்ணீர் விழும் விளிம்புக்குத் தட்டையான கருங்கல்லாகத் தெரிவு செய்யுங்கள். நாலு விரல் அளவு முன்னே நீட்டி, சற்று முன்சரிவாக வையுங்கள். விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் கல்லின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி மண்ணுக்குள் இறங்கிவிடும். கல்லின் அடியில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே, உளியால் நீளக் கோடு ஒன்று கொத்திவிட்டேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் அங்கேயே உதிர்ந்து விழுகிறது. கல்லடுக்கின் கீழே சீமெந்துத் தளம் ஒன்று குளத்தின் பூச்சோடு ஒன்றாக மேலே வரை ஏற வேண்டும். கல் அழகுக்கு, தண்ணீரைத் தாங்குவது தளம்.

மோட்டர் பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் கணக்கு, தண்ணீரை உயர்த்தாமல் ஓடினால் வருவது. உயரம் கூடக் கூட அது குறையும். விளிம்பின் அகலத்தில் சென்ரிமீற்றருக்கு மணிக்கு 150 லீற்றர் என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் அறுபடாமல் விழும். 20 சென்ரிமீற்றருக்கு 3,000. 50 வாட் மோட்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 36 அலகு. நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், அந்த 36 முழுப் பட்டியலையும் மேல் படிக்குத் தள்ளிவிடக்கூடும். நான் மாலையில் மட்டும் ஓட விடுகிறேன். எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு மோட்டருக்குள் படிந்தால் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்தால் கழன்றுவிடும்.

நெடுங்கேணி

தம்பிமார் கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டி முடித்த பிறகு யார் யார் வருகிறார்கள் என்று நான் சொல்கிறேன். தவளை முதலில், அதன் பின்னால் சாரை. கோடையில் மயில்கள் குடும்பத்தோடு. ஒரு நாள் கோழிக்குத் தவிடு வைக்கப் போனால், அருவிக் கல்லில் தாடையை வைத்தபடி கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று கிடக்கிறது. வால் தண்ணீருக்குள். தங்கமீன் ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பார்த்தும் அது அசையவில்லை. நான்தான் தவிட்டுச் சட்டியோடு திரும்பி வந்தேன். இப்போது அடியில் இரண்டு சீமெந்துக் குழாய்களைப் போட்டிருக்கிறேன், மீன்கள் ஒளிந்துகொள்கின்றன. கல்லிடுக்குகளைச் சாந்து வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாம்பு குடியிருக்கும்.

மாரியில் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். கப்பி மீன் விட்டிருந்ததால் நுளம்புப் புழு ஒன்றும் இல்லை. பக்கத்தில் கவனியாமல் கிடந்த சிரட்டைக்குள் இருந்தது!

முத்தையன்கட்டு

குளம் என்றால் வான், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வழி, வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த அந்த மழையில், வான் விடாத வீட்டுக் குளங்களில் மீன்களெல்லாம் வெள்ளத்தோடு வயலுக்குப் போயின. தாழ்ந்த பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வான் விட்டு, கம்பிவலை அடித்து, வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். அதே காரணத்தால் ஆகாயத் தாமரை, சல்வீனியா என்ற மிதக்கும் களைகள் வேண்டவே வேண்டாம். அவை வான் வழியே வாய்க்காலுக்குப் போய்விடும். ஆகாயத் தாமரைக்கு எதிராக 1909இலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். அல்லிக்கிழங்கு போதும். பள்ளக் காணி என்றால் மாரியில் குளத்தை வெறுமையாக்காதீர்கள். நிலத்தடி நீர் ஏறித் தொட்டியையே மேலே தூக்கும்.

தண்ணீர் குறைந்தால் உடனே மேசனைக் கூப்பிட வேண்டாம். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துவிடுங்கள். ஒரே அளவில் இறங்கினால் குடித்தது வெயில். குளத்தில் அதிகமாக இறங்கினால் மோட்டரை நிறுத்திப் பாருங்கள். அப்போது சரியாகிவிட்டால் கசிவு அருவிப் பக்கம்தான், தொட்டியில் கை வைக்காதீர்கள்.