மழை வந்தால் கடைசித் தொட்டியில் சகதி மிதக்கிறது, ஏன்?

கேள்வி: எங்க பேரூராட்சி கழிவுநீர் நிலையத்தில ஐப்பசி மழை தொடங்கினாலே கடைசிப் படிவுத் தொட்டியில (சகதி அடியில படியுற தொட்டி) இருந்து சகதி வெளியே போவுது. இது பழையாறு வழியா மணக்குடிக் காயலுக்குத்தானே போய்ச் சேரும்?

பதில்: முதல்ல காற்றூட்டும் தொட்டித் தண்ணிய 1 லிட்டர் ஜாடியில எடுத்து 30 நிமிஷம் அசைக்காம வைங்க. சகதி 200–300 மில்லியில படிஞ்சா நல்லது. 700 மில்லிக்கு மேல நின்னா சகதியைப் படிய விடாத நூல்வகை பாக்டீரியா பெருகியிருக்கலாம். பெரும்பாலும் காற்றுக் குறைவுதான் காரணம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேணும். படிஞ்ச சகதி ஒரு மணி நேரங்கழிச்சு கட்டியா எழும்பினா அது வேற கோளாறு. நைட்ரஜன் குமிழி தூக்குது. படிஞ்ச சகதியைக் காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்புற பம்பைக் கூட்டி ஓட்டுங்க.

பதில்: ஜாடி சோதனை சரிதான் அண்ணாச்சி, ஆனா மழையில மட்டும்னா ஓட்டத்தைப் பாக்கணும். மாடித் தண்ணிக் குழாயைச் சாக்கடையில விட்டிருப்பாங்க. வரத்து இரட்டிச்சா தொட்டியில தங்குற நேரம் பாதியாகும், சகதி அடிச்சிட்டுப் போயிரும். அதோட கழிவைத் தின்னு சுத்தம் பண்ற நுண்ணுயிரும் போச்சு. திரும்ப வளர வாரக்கணக்காகும்.

பதில்: கடைசியில கிருமியைக் கொல்லப் போடுற குளோரினையும் கவனிங்க. சகதி கலந்தா அதுவே குளோரினைத் தின்னுடும், கிருமி தப்பிச்சுடும். அதுக்காக அள்ளிப் போட்டா மீன் சாவும். பொழிமுகம் (காயல் கடலோட சேர்ற வாய்) மணலடைச்ச நேரமா இருந்தா தண்ணி கடலுக்குப் போகாம காயல்லயே தேங்கும், ஆக்சிஜன் இன்னும் சீக்கிரம் குறையும்.