டிரெய்லர் ஹப்பில் கிரீஸ் பால்போல் வெளுக்கிறது, என்ன செய்வது?

கடலோரம்:
மெல்பர்ன். 4.3 மீட்டர் அலுமினியப் படகு, பிரேக் இல்லாத ஒற்றை ஆக்சில் டிரெய்லர், ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) எல்.எம். வகை பேரிங். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி இரண்டு பக்கமும் உண்டு, ஒவ்வொரு முறையும் கிரீஸ் கன் வைத்து அடிக்கிறேன். இருந்தும் இடது ஹப்பில் கிரீஸ் பால் மாதிரி இருக்கிறது. ரிம்மின் உள்பக்கமும் கிரீஸ் தெறித்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் துளி ஆட்டம். புது கிரீஸ் அடித்தால் போதுமா?

துடுப்பு:
போதாது. ரிம் உள்பக்கம் கிரீஸ் என்றால் பின் சீல், அதாவது ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் வளையம், போய்விட்டது. பெரும்பாலும் அளவுக்கு மீறி அடிப்பதால்தான் அது பிதுங்கும். மூடிக்குள் இருக்கும் தகடு 3 மி.மீ. வெளியே வந்ததும் கன்னை எடுத்துவிட வேண்டும். விளிம்பை விரலால் அமுக்கினால் தகடு அசைந்தால் உள்ளே கிரீஸ் போதுமானது, அன்றைக்கு அடிக்கவே வேண்டாம்.

தண்ணீர் புகுவதற்குக் காரணம் சூடு. ஓடி வந்த ஹப்பை உடனே ராம்ப்பில் (படகு இறக்கும் சரிவு) தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். படகைத் தயார் செய்யும் அந்த 20 நிமிடம் டிரெய்லர் மேலேயே ஆறட்டும்.

பழைய ஸ்பேனர்:
இரண்டு பக்கமும் கழற்றுங்கள். எல்.எம். என்றால் உள் பேரிங் எல்.எம். 67048, அது உட்காரும் வெளி வளையமான கப் 67010. வெளி பேரிங் எல்.எம். 11949, கப் 11910. ஆனாலும் பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், முந்தைய ஓனர் ஆக்சிலை மாற்றியிருக்கலாம்.

மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கம்ப்ரசர் காற்றில் பேரிங்கைச் சுழற்றாதீர்கள், உருளை தெறித்து முகத்தில் அடிக்கும். உள்ளங்கையில் கிரீஸ் உருண்டை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி இழுங்கள். மேல்பக்கம் உருளைகளுக்கு நடுவே புழு மாதிரி கிரீஸ் வரும்வரை, சுற்றிச் சுற்றி. மேலாகப் பூசினால் உள்ளே காய்ந்தே இருக்கும்.

கிரீஸ் என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸின் கெட்டித் தர எண்), தண்ணீர் தாங்கும் மரைன் வகை. பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. லித்தியம் வகை கிரீஸும் பாலியூரியா வகையும் சேர்ந்தால் பல சமயம் இளகி ஓடிவிடும். ஸ்பிரிங் மூடி இருப்பதால் ஹப் நிறைந்து தகடு அந்த 3 மி.மீ. வரும்வரை அடிக்கலாம். சாதா மூடி என்றால் இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள குழி பாதி நிறைந்தால் போதும்.

கடலோரம்:
கழற்றிவிட்டேன் அண்ணா. உருளைகள் பளபளப்பாகத்தான் இருக்கின்றன. உள் கப்பில் மட்டும் சம இடைவெளியில் கறுப்புக் கோடுகள்.

பழைய ஸ்பேனர்:
உருளைகள் நின்ற இடத்தில் தண்ணீர் தங்கி அரித்த தடம் அது. நகத்தால் கீறிப் பாருங்கள், தட்டுப்பட்டால் கப், பேரிங் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய கப்பில் புது பேரிங் போடவே கூடாது. புது கப்பின் விளிம்பில் பித்தளைத் தண்டை வைத்துச் சுற்றிலும் தட்டி இறக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள்: அடி தொட்டதும் ஒலி மாறும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது, யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

துடுப்பு:
புது சீல் போடுமுன் அது உட்காரும் ஆக்சில் பகுதியைத் தடவிப் பாருங்கள். துருப் பள்ளம் இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் வளையம் ஏற்ற வேண்டும்.

நட்டை ஹப்பைச் சுழற்றிக்கொண்டே ஸ்பேனரால் இறுக்கி பேரிங்கை உட்கார வையுங்கள். பிறகு முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, பின் துளை நேராகும்வரை தளர்த்தும் பக்கமாகத் திருப்பி, நட் கழலாமல் பூட்டும் புது ஸ்பிளிட் பின் மாட்டுங்கள். கைக்குத் தெரியும் துளி ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால்தான் பேரிங் சூட்டில் வேகும். 15 கி.மீ. ஓட்டி இரண்டு ஹப்பையும் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாவிட்டால் நட் டைட்.

உப்புத் தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை இதையெல்லாம் திறந்து பாருங்கள்.