மாண்டலே வெயிலில் வெறுங்காலோடு ஒரு நாள்

மாண்டலேயில் கோயில் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது வெறுங்கால் நடை. செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கூடாது. அதுவும் சன்னதிக்கு முன்னால் இல்லை, வெளிவாசலிலேயே கழற்றிவிட வேண்டும். பர்மாவின் நடுப்பகுதி மழை மறைவுப் பிரதேசம். மார்ச், ஏப்ரலில் 38, 40 டிகிரி என்பது அங்கே சர்வ சாதாரணம். பத்து மணிக்கு மேல் பளிங்குத் தரையில் கால் வைத்தால், பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஓட்டம் தானாக வரும்.

நானும் வீட்டுக்காரரும் 2019 மார்ச் கடைசியில் போயிருந்தோம். வெயிலைச் சமாளிக்க இவர் கண்டுபிடித்த வழி, விடியற்காலை நாலு மணிக்கே மகாமுனி கோயிலில் இருப்பது. அந்த நேரத்தில்தான் புத்தருக்கு முகம் கழுவுவார்கள். கேலி செய்யவில்லை, தினமும் அப்படித்தான் நடக்கிறது. மூத்த பிக்கு ஒருவர் மேடையேறி, வாசனைத் தண்ணீரால் முகத்தைக் கழுவி, பெரிய பிரஷ்ஷால் பல் தேய்த்துவிடுகிறார். பக்தர்கள் கொண்டுவந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒற்றித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நம் ஊரில் திருப்பள்ளியெழுச்சி, அபிஷேகம் எல்லாம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது. திரை போடாமல் எல்லாவற்றையும் கண் முன்னாலேயே செய்வதுதான் வித்தியாசம்.

சிலை வெண்கலம், உயரம் கிட்டத்தட்ட 3.8 மீட்டர். 1784-ல், பர்மாவுக்கு மேற்கே கடலோரத்தில் தனி ராஜ்யமாக இருந்த அரக்கானைப் பிடித்த பர்மிய மன்னர் போதோபயா அங்கிருந்து கொண்டுவரச் செய்தது. ஆண்கள் மேடையேறித் தங்க ரேக் ஒட்டலாம். தலைமுறை தலைமுறையாக ஒட்டி ஒட்டி, முகத்தைத் தவிர உடம்பு முழுக்கத் தங்கம் அரையடி கனத்துக்கு ஏறி, பலாப்பழத் தோல் போலக் கரடுமுரடாகிக் கிடக்கிறது. முகம் மட்டும் தினசரிக் கழுவலில் வழவழவென்று மின்னுகிறது.

பெண்களுக்கு மேடையில் அனுமதி இல்லை. கீழே உட்கார்ந்து டிவித் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சபரிமலை விவகாரத்தை ஊரே வாதாடிக்கொண்டிருந்த சமயம், எனக்கு மூக்கு நுனியில் கோபம். இவரோ, "வெளியூர்ல வந்து ஆரம்பிக்காதம்மா" என்று காதில் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த பாட்டி எழுந்தார். கையில் சின்னக் காகிதப் பொட்டலம். நேரே இவரிடம் போய், இரண்டு கையாலும் நீட்டி, சிலையைக் காட்டி ஏதோ சொன்னார். இவர் விழித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, அவங்க ரேக்கையும் சேர்த்து ஒட்டச் சொல்றாங்க" என்றேன். பாட்டி கொடுத்ததைப் பார்த்ததும் இன்னும் இரண்டு பெண்கள் வந்து ஆளுக்கொரு பொட்டலம் நீட்டினார்கள். கட்டம் போட்ட கைலி கட்டியிருந்ததால் இவரை உள்ளூர்க்காரர் என்றே நினைத்திருப்பார்கள். கைலி கட்டத் தெரிந்தவர்களுக்கு பர்மாவில் இப்படி ஒரு லாபம் உண்டு.

ரேக் என்பது மூச்சு விட்டாலே பறந்துவிடுகிற சமாசாரம். காகிதத்தோடு கவிழ்த்து வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மெதுவாகக் காகிதத்தை மட்டும் உரிக்க வேண்டும். இவர் அதைத் திரையில் செய்வதை நாங்கள் நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு ரேக் மடங்கிப்போனபோது பாட்டி "ச்சு" என்றார். இறங்கி வந்ததும் எங்கே ஒட்டினாய் என்று சைகையில் கேட்டார். இவர் தோளைத் தொட்டுக் காட்டினார். பாட்டிக்குத் திருப்தி. எது யாருடைய ரேக் என்று கணக்கு வைத்தீர்களா என்று பிறகு கேட்டேன். "எல்லாம் அவர் மேலதானே இருக்கு" என்றார். என் கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் அந்தப் பாட்டி எனக்காகவும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இந்தக் கோயிலும் பலமாக அடிவாங்கியது. 7.7 அளவு நடுக்கம். படங்களைப் பார்த்தபோது அந்தப் பெண்கள் நினைவுதான் முதலில் வந்தது.

கோயில் வளாகத்திலேயே அங்கோர் காலத்து வெண்கலச் சிலைகள் ஆறு இருக்கின்றன. கம்போடியாவிலிருந்து தாய்லாந்தின் அயுத்தியா, அங்கிருந்து தென்பர்மாவின் பெகு, பிறகு அரக்கான், கடைசியில் இங்கே என்று ஒவ்வொரு போரிலும் கொள்ளைப் பொருளாகக் கைமாறியவை. மூன்று தலை ஐராவதமும் உண்டு. உடம்பில் எங்கே வலியோ, சிலையில் அதே இடத்தைத் தேய்த்தால் குணமாகும் என்று நம்பிக்கை. வயிறும் முழங்காலும் பளபளக்கின்றன. மாண்டலேக்காரர்களுக்கு என்ன உபாதை அதிகம் என்று தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். இவரும் முழங்காலைத்தான் தேய்த்தார்.

காலைச் சாப்பாடு டீக்கடையில். மேஜை மேல் பச்சைத் தேநீர் பிளாஸ்க் இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். பலாட்டா என்று நம் பரோட்டாவே கிடைக்கிறது. சர்வர் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்புகிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. "செத்தாலும் நான் பண்ண மாட்டேன்" என்று இவர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு பையனும் திரும்பவில்லை. கடைசியில் நான்தான் அந்தச் சத்தம் கொடுத்துப் பில் வாங்கினேன்.

அடுத்து ஷ்வேநண்டோ மடம். முழுக்கத் தேக்கு, ஓர் அங்குலம் விடாமல் செதுக்கல். மிண்டோன் மன்னர் 1878-ல் உயிர்விட்ட அரண்மனைக் கட்டடம் இதுதான். மகன் தீபோ அதைப் பிரித்துக் கோட்டைக்கு வெளியே கொண்டுவந்து மடமாக்கிவிட்டார். அதனால்தான் தப்பித்தது. மற்ற அரண்மனை 1945 போரில் எரிந்து சாம்பலானது. தீபோவை 1885-ல் வெள்ளைக்காரர்கள் நாடுகடத்தி, முதலில் சென்னைக்கும், பிறகு ரத்தினகிரிக்கும் கொண்டுபோனார்கள். 1916-ல் ரத்தினகிரியிலேயே செத்துப்போனார். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை, சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே ஒதுங்குவது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு குத்தோடோ என்பேன். உலகத்தின் மிகப் பெரிய புத்தகம் என்று சொல்கிறார்களே, அதுதான். பாலி மொழியில் உள்ள பௌத்த மறைநூலான திரிபிடகம் முழுவதையும் 729 பளிங்குப் பலகைகளில், இரண்டு பக்கமும் செதுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைச் சின்ன ஸ்தூபி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1860-ல் தொடங்கி 1868-ல் முடிந்த வேலை, மிண்டோன் காலத்தது. முதலில் எழுத்துகளுக்குத் தங்க மையே பூசியிருந்தார்கள். பிரிட்டிஷ் படை வந்த பிறகு அதெல்லாம் சுரண்டப்பட்டு, இப்போது இருப்பது கறுப்பு மை. 1871-ல் கூடிய சங்கீதி என்ற பிக்குகள் பேரவையில் 2,400 பிக்குகள் மாற்றி மாற்றி ஓதி முடிக்கக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆனதாம்.

இத்தனை வெள்ளைச் சுவருக்கு நடுவில் கண் கூசிப்போக வேண்டும். ஆனால் வரிசைகளுக்கு இடையில் மகிழமரங்கள், நம் கோயில்களில் நிற்கிற அதே மகிழமரம். அடியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து வைத்திருந்தார்கள். இவர் கல்லைப் படிக்கிறேன் என்று (பர்மிய எழுத்தை!) ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குக் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பூப்பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என் தலையைப் பார்த்தாள், பூ இல்லை. தான் கோத்து வைத்திருந்ததிலிருந்து ஒரு சாண் கிள்ளி என் பின்னலில் செருகினாள். அதோடு விடவில்லை. ‘தனக்கா’ என்கிற பர்மியப் பூச்சு குழைத்த கிண்ணத்தை எடுத்து என் கன்னம் இரண்டிலும் பூசினாள். வில்வத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரத்தின் பட்டையைக் கல்லில் உரைத்து எடுக்கிற சாந்து அது. உலர உலரக் கன்னம் ஜில்லென்று இழுக்கும். இவர் திரும்பி வந்து என்னைத் தாண்டி இரண்டு மரம் போய்விட்டுத் தேடினார்.

ஒரு நாளைக்கு இரண்டு கோயில் என்பதுதான் இந்த ஊருக்குச் சரியான கணக்கு. ஆறு, ஏழு என்று போட்டுத் தருகிற டூர் பட்டியலை நம்பாதீர்கள். குத்தோடோவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சாயங்காலம் மாண்டலே குன்று. கூரை போட்ட படிகள் ஆயிரத்துக்கு மேல். இவர் ஏறலாம் என்றார், நான் கார் என்றேன், கார். மேலே சூரியன் மறைவதைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசிப் பழக இளம் பிக்குகள் வருவது அங்கே வழக்கம். இருபது வயதிருக்கும் ஒருவர், காவியும் சிவப்பும் கலந்த துவராடையில், இவரிடம் வந்து எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"புத்தகயா எப்படி இருக்கும்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் போனதில்லை, இவரும் போனதில்லை. அதைச் சொன்னோம். பிக்குவுக்கு நம்ப முடியவில்லை. சாரநாத்? இல்லை. குசிநகர்? இல்லை. "உங்கள் நாட்டில்தானே இருக்கிறது" என்று மெல்லக் கேட்டார், குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல். காசு சேர்த்துக்கொண்டிருப்பதாகவும், மடத்துப் பெரியவரோடு ஒருமுறை போய்விட வேண்டும் என்றும் சொன்னார். ரயிலில் எத்தனை நாள் ஆகும், சாப்பாடு கிடைக்குமா, குளிருமா என்று அடுக்கடுக்காகக் கேள்வி. எங்களுக்குத் தெரிந்தது, சென்னையிலிருந்து கயாவுக்கு வாரம் ஒரு ரயில் உண்டு என்பது மட்டும்தான். அதையே இவர் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிச் சமாளித்தார்.

இறங்கும்போதே இவர் போனில் அந்த ரயிலைத் தேட ஆரம்பித்துவிட்டார். "மே மாசம் லீவு இருக்கு" என்றார். மே மாதத்துக் கயா வெயிலுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை, டிசம்பர் பாருங்கள் என்றேன்.